‘தேவைப்படும்போது’ என்னும் சொல்: அறுவைச் சிகிச்சைக்குப் பின் வலிமருந்தை எழுதும் முறை பற்றிய ஒரு பரிசீலனை

அறுவைச் சிகிச்சை முடிந்து, நோயாளியை வார்டுக்குக் கொண்டுவந்து கிடத்தியபின், மயக்க மருந்தின் ஆதிக்கம் சிறிது சிறிதாக விலகி, வெட்டுண்ட உடம்பின் வேதனை மேலெழுகின்ற நள்ளிரவு வேளையில், கட்டிலருகே பெரும்பாலும் மருத்துவர் இருப்பதில்லை; ஒரு செவிலியரும், பகலில் கேஸ் ஷீட்டில் எழுதிவைக்கப்பட்ட ஒன்றிரண்டு வரிகளுமே இருக்கின்றன. எந்த மருந்து, எவ்வளவு, எவ்வழியாக, எத்தனை மணிக்கொருமுறை, எந்த நிலையில் கொடுக்கலாம், எந்த நிலையில் கொடுக்கலாகாது என்பதையெல்லாம் அந்த வரிகள்தாம் சொல்லவேண்டும். ஆஸ்பத்திரி வழக்கில் ‘ஆர்டர்’ எனப்படும் இந்த மருந்து உத்தரவு, எழுதுகிறவர் இன்னும் காணாத ஒரு நிலைமைக்காக, அவர் இல்லாத நேரத்தில், வேறொருவர் படித்துச் செயற்படும்பொருட்டு எழுதப்படுவது. ஆதலால் அதைத் தெளிவாக எழுதுவது எப்படி என்ற கேள்வி, கையெழுத்து நன்றாக இருக்கவேண்டும் என்ற அளவில் தீர்ந்துவிடுவதில்லை. வரப்போகும் வலியைப் பற்றி முன்கூட்டியே எவ்வளவு தீர்மானிப்பது, எவ்வளவைத் தீர்மானிக்காமல் விடுவது, அவ்வாறு விட்டதை யாருடைய விவேகத்திடம் ஒப்படைப்பது என்பதே அதன் உட்பொருள். செவிலியரிடம், கடிகாரத்திடம், நோயாளியிடம், ஓர் எண்ணிடம் என்று இதற்குப் பல விடைகள் காலந்தோறும் சொல்லப்பட்டு வந்திருக்கின்றன. அவ்விடைகள் தோன்றிய காரணங்களையும் அவற்றின் பலவீனங்களையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஊசியோடு வந்த கேள்வி

1846-ஆம் ஆண்டு அக்டோபரில் பாஸ்டன் நகரில் ஈதர் மயக்கம் பகிரங்கமாக நிரூபிக்கப்பட்டபோது, கத்தி பாயும் நேரத்து வலி வெல்லப்பட்டது. அதற்குப் பின் வரும் நாட்களின் வலி அப்படியே நின்றது. அதற்கு அபினியே அன்று கதி. ஜெர்மானிய மருந்தாளர் ஸெர்ட்டூர்னர் அந்நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அபினியிலிருந்து மார்ஃபினைப் பிரித்தெடுத்திருந்தார். 1853-இல் எடின்பரோ நகரத்து அலெக்சாந்தர் வுட் தோலுக்கடியில் மருந்து செலுத்தும் ஊசியைக் கையாண்டார். இவ்விரண்டும் சேர்ந்தபோது வலிமருந்துக்கு முதன்முறையாகத் துல்லியமான அளவு என்ற ஒன்று ஏற்பட்டது. அதே கணத்தில், அந்த அளவு மிகுந்தால் சுவாசம் ஒடுங்கி உயிர் போகும் என்ற அபாயமும் கூடவே வந்தது. வலியைத் தணிக்கும் அளவுக்கும் மூச்சைத் தளர்த்தும் அளவுக்கும் இடையிலுள்ள தூரம் ஆளுக்கு ஆள் வேறுபடுகிறது என்பதே, பின்னால் வந்த விவாதங்கள் எல்லாவற்றுக்கும் வேராக இருப்பது.

செவிலியரின் தீர்மானத்துக்கு விட்ட முறை

நெடுங்காலம் உலகெங்கும் வழங்கிய உத்தரவு, ‘மார்ஃபின் அல்லது பெத்திடின், தசையில் ஊசியாக, நான்கு மணிக்கொருமுறை, தேவைப்படும்போது’ என்ற வடிவத்தது. ‘தேவைப்படும்போது’ என்பதற்கு மேல்நாட்டார் ‘ப்ரோ ரே நாட்டா’ என்னும் லத்தீன் தொடரின் முதலெழுத்துகளை எழுதினார்கள். நம் நாட்டு மருத்துவர்கள் ‘ஸி ஓபுஸ் ஸிட்’ என்பதன் சுருக்கமாகிய எஸ்.ஓ.எஸ். என்பதையே பெரிதும் எழுதி வருகிறார்கள். ஆளுக்கு ஆள் வேறுபடுகிற வலியை முன்கூட்டி அளந்துவிட முடியாது, ஆகவே அருகிருப்பவர் பார்த்துக் கொடுக்கட்டும் என்ற இந்த எண்ணத்தில் நியாயம் இருக்கிறது.

ஆனால் அந்தச் சொல் யாருடைய தேவையைக் குறிக்கிறது என்பதை உத்தரவு சொல்வதில்லை. நோயாளி கேட்டால் கொடுப்பதா, கேளாமலே முகம் பார்த்துக் கொடுப்பதா? நான்கு மணி நேரம் என்பது அதற்குமுன் கொடுக்கலாகாது என்ற தடையா, அந்நேரம் வந்தால் கொடுக்கவேண்டும் என்ற விதியா? இச்சந்தேகங்களுக்கு விடையில்லாத இடத்தில் மனித சுபாவம் குறைவான பக்கத்தையே நாடியது. 1973-இல் மார்க்ஸ், ஸாக்கர் என்ற இருவர் அமெரிக்காவில் வெளியிட்ட ஆய்வு இதைப் பட்டவர்த்தனமாக்கியது. 37 நோயாளிகளைக் கொண்ட அச்சிறிய ஆய்வில், மருத்துவர்கள் தேவையைவிடக் குறைவாக எழுதியிருந்தார்கள், செவிலியர்கள் எழுதியதைவிடவும் குறைவாகக் கொடுத்திருந்தார்கள், நோயாளிகளில் பெரும்பாலோர் வேதனையிலேயே கிடந்தார்கள் என்பது தெரியவந்தது. அவர்கள் அறுவை நோயாளிகள் அல்லர், பொது மருத்துவ வார்டுகளில் இருந்தவர்கள் என்பதை மறக்கலாகாது. எனினும் அந்தக் குறையின் பின்னால் நின்ற காரணம், அதாவது நோயாளி மருந்துக்கு அடிமையாகிவிடுவார் என்ற மிகைப்பட்ட அச்சம், அறுவை வார்டுகளுக்கும் பொதுவானதுதான்.

காரியம் நடக்கும் விதத்தையும் கவனிக்கவேண்டும். நோயாளி வலியை உணர்கிறார், சிறிது பொறுத்துப் பார்க்கிறார், பிறகு அழைக்கிறார். செவிலியர் வேறொரு கட்டிலில் இருக்கிறார். அவர் வந்து பார்த்து, சாவியை வாங்கிப் பூட்டிய அலமாரியைத் திறந்து, பதிவேட்டில் எழுதி, சாட்சியாக இன்னொருவர் கையொப்பமும் பெற்று, மருந்தை ஊசியில் ஏற்றிக்கொண்டு திரும்புகிறார். அப்புறம் மருந்து தசையிலிருந்து இரத்தத்தில் கலக்கவேண்டும். அந்தக் கலப்பும் ஒரே சீராக நிகழ்வதில்லை என்பதை ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த ஆஸ்டின் முதலியோர் 1980-இல் காட்டினார்கள்: ஒரே அளவு பெத்திடினைத் தசையில் ஊசியாகப் பெற்றவர்களிடையே, இரத்தத்தில் மருந்து எட்டிய உச்சமும் அதற்குப் பிடித்த நேரமும் ஆளுக்கு ஆள் பன்மடங்கு வேறுபட்டன, ஒரே நோயாளியிடத்திலேயே ஒரு வேளைக்கும் மறு வேளைக்கும் வேறுபட்டன. ஆக, உத்தரவு எழுத்தில் எவ்வளவு நிச்சயமாகத் தோன்றினாலும், அது உடம்பில் விளைவித்தது நிச்சயமின்மையே. நம் வார்டுகளில், வலிக்கிறதா என்று கேட்டவருக்குச் சிரமம் கொடுக்கலாகாது என எண்ணி, ‘பரவாயில்லை’ என்று சொல்லிவிட்டுப் பல்லைக் கடித்துக்கொண்டு கிடக்கும் நோயாளியை எண்ணிப் பார்த்தால், தேவையை வாய்விட்டுக் கேட்பவருக்கு மட்டுமே மருந்து என்னும் ஏற்பாட்டின் கொடுமை விளங்கும்.

கடிகாரத்திடம் ஒப்படைத்த முறை

கேட்கும் பாரத்தை நோயாளியின் தலையிலிருந்து இறக்கிவிடவேண்டும் என்று கருதியவர்கள் நேரப்படி மருந்து என்ற கொள்கையைச் சொன்னார்கள். 1986-இல் உலக சுகாதார நிறுவனம் புற்றுநோய் வலிக்காக வெளியிட்ட நெறிமுறை, வாய்வழியாக, கடிகாரப்படி, படிப்படியாக என்று வகுத்தது அறுவை வார்டுகளையும் பாதித்தது. 1993-இல் டென்மார்க்கைச் சேர்ந்த கெலட்டும் டாலும், பல வழிகளில் வேலை செய்யும் மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தால் ஒவ்வொன்றின் அளவையும் குறைத்துக்கொள்ளலாம் என்ற கருத்தை முன்வைத்தார்கள். இவற்றின் சேர்க்கையாக, பாராசிட்டமாலையும், சிறுநீரகமும் வயிறும் இடந்தந்தால் வீக்கமடக்கி மருந்து ஒன்றையும் வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும் நேரப்படி கொடுப்பது, மார்ஃபின் வகையைத் தேவைக்கு மட்டும் வைத்துக்கொள்வது என்ற ஏற்பாடு இன்று பெரும்பாலும் ஒப்புக்கொள்ளப்பட்டிருக்கிறது. வழிவழியாக வந்த முறைகளுள் இதுவே மிகக் குறைந்த ஆட்சேபத்துக்கு உள்ளானது என்று துணிந்து சொல்லலாம்.

இங்கும் எழுத்தில் இடறல்கள் உண்டு. ‘நாளொன்றுக்கு நான்கு முறை’ என்பதும் ‘ஆறு மணிக்கொருமுறை’ என்பதும் ஒன்றுபோல் தோன்றினாலும் ஒன்றல்ல. முன்னதை விழித்திருக்கும் பொழுதுக்குள் பங்கிட்டுவிட்டால், வலி மிகுந்து தோன்றும் இரவு மருந்தின்றிக் கழியும். நம் நாட்டுச் சீட்டுகளில் வழங்கும் 1-0-1, 1-1-1 என்ற குறியீடுகள் வெளிநோயாளிக்கு எளிதில் விளங்குபவை. ஆனால் காலை, மதியம், இரவு என்ற உணவு வேளைகளைச் சொல்லும் அவை, நேர இடைவெளியையோ மொத்த அளவையோ சொல்வதில்லை. இன்னொன்று கூட்டு மாத்திரைகளால் வருவது. ஒரு நோயாளிக்கு நாளங்களின் வழியே ஒரு கிராம் பாராசிட்டமால் நாளொன்றுக்கு நான்கு முறை செல்கிறது என்று கொள்வோம்; அவ்வளவே நிறைவயதினருக்கு வழக்கமாகச் சொல்லப்படும் உச்சவரம்பு. அவருக்கே வேறொரு கையெழுத்தில், 325 மில்லிகிராம் பாராசிட்டமாலும் டிராமடாலும் சேர்ந்த மாத்திரை மூன்று வேளைக்கு எழுதப்பட்டால், மொத்தம் 4,975 மில்லிகிராம் ஆகிவிடுகிறது. வணிகப் பெயரால் எழுதப்பட்ட அந்த மாத்திரைக்குள் பாராசிட்டமால் ஒளிந்திருப்பது சட்டென்று கண்ணில் படுவதுமில்லை. ஐம்பது கிலோவுக்குக் குறைந்த மெலிந்த உடம்பினர் நம்மிடையே ஏராளம் என்பதால், எடையைக் குறிக்காமல் எழுதும் வழக்கம் இங்கு இன்னும் அபாயகரமானது.

மார்ஃபின் வகையையே கடிகாரத்தின் பொறுப்பில் விடுவதோ முற்றிலும் வேறு விஷயம். கடிகாரம் நோயாளியைப் பார்ப்பதில்லை. உறக்கமா மயக்கமா என்று பிரித்தறிய முடியாமல் கிடப்பவருக்கும் அது அடுத்த வேளையை அறிவித்துவிடும். நெடுநேரம் வேலை செய்யும் மாத்திரைகளை அறுவைக்குப் பிந்தைய வலிக்கு வழக்கமாகப் பயன்படுத்துவதை ஆஸ்திரேலிய, நியூஸிலாந்து மயக்கவியல் கல்லூரி 2018-இல் எதிர்த்து அறிக்கை வெளியிட்டதற்கு இதுவே அடிப்படை: நாளுக்கு நாள் குறைந்துகொண்டே போகிற வலிக்கு, குறைக்க இடந்தராத மருந்து பொருந்தாது.

நோயாளியின் கையில் கொடுத்த முறை

தேவையை அறிந்தவர் நோயாளியே. ஆகவே பொத்தானை அவர் கையில் கொடுத்துவிடலாம் என்ற யோசனையை, அமெரிக்க மயக்கவியலாளர் ஸெக்ஸர் 1960-களின் இறுதியிலும் 1970-களின் தொடக்கத்திலும் பரிசோதித்தார். பொத்தானை அழுத்தினால் நாளத்தில் சிறிதளவு மருந்து செல்லும். குறித்த நிமிடங்கள் கழியும்வரை மறுபடி அழுத்தினாலும் செல்லாது. இதில் உத்தரவின் இயல்பே மாறிவிடுகிறது: மருத்துவர் எழுதுவது ஒரு வேளை மருந்தையன்று, ஓர் எல்லையை. ஒரு முறை செல்லும் அளவு, இடையே பூட்டியிருக்கும் நேரம், மொத்தத்தின் வரம்பு என்பவற்றை அவர் எழுத, அந்த வேலிக்குள் நோயாளி சுதந்திரராகிறார். மருந்து மிகுந்தால் தூக்கம் வரும், தூங்குபவர் அழுத்தமாட்டார் என்பதே இதற்கு இயற்கை தந்த காவல். அக்காவலை அன்பே உடைத்துவிடுகிறது என்பது பின்னால் தெரிந்தது. தூங்கும் மகனின் முகச்சுளிப்பைப் பார்த்துப் பொறாத தாய் அவனுக்காக அழுத்திவிடும்போது காவல் அற்றுப்போகிறது. இவ்வாறு பிறர் அழுத்துவதைப் பற்றி அமெரிக்காவின் மருத்துவமனை அங்கீகார அமைப்பு 2004-இல் தனியே எச்சரித்தது. சித்தம் தெளியாத முதியோருக்கும் சிறு குழந்தைகளுக்கும் பொத்தான் பயன்படாது. கருவியின் விலையும், அதைக் கண்காணிக்க வேண்டிய ஆட்களும் எல்லா இடத்திலும் கிட்டுவனவுமல்ல.

எண்ணிடம் ஒப்படைத்த முறை

இவ்விவாதத்தில் மிகுந்த கவனத்துக்குரிய பகுதி இது. வலியை முறையாகக் கேட்டு எழுதவேண்டும், நாடித் துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் போல அதுவும் உயிர்க்குறிகளுள் ஒன்றாக வேண்டும் என்ற இயக்கம் 1990-களின் நடுவில் அமெரிக்காவில் எழுந்தது. சுழியத்திலிருந்து பத்துவரை வலிக்கு ஓர் எண் சொல்லும்படி நோயாளிகளைக் கேட்பது பரவியது. 2001-இல் அங்கீகார அமைப்பின் விதிகளிலும் வலி மதிப்பீடு கட்டாயமாயிற்று. அதுவரை கேட்பாரற்றுக் கிடந்த வேதனைக்கு இது ஒரு மதிப்பைத் தேடித்தந்தது என்பதை மறுப்பதற்கில்லை.

இதே காலத்தில் ‘2 முதல் 4 மில்லிகிராம் வரை’ என்பதுபோல எல்லை தந்து எழுதும் உத்தரவுகள் கேள்விக்குள்ளாயின. எந்த நோயாளிக்கு இரண்டு, எவருக்கு நான்கு என்று செவிலியர் தீர்மானிப்பது, மருந்தை நிர்ணயிக்கும் அதிகாரத்தையே அவர் எடுத்துக்கொள்வதாகாதா என்ற ஆட்சேபம் எழுந்தது. இரண்டு போக்கும் சந்தித்த இடத்தில் ஒரு புது வடிவம் பிறந்தது: வலி ஒன்று முதல் மூன்று என்றால் பாராசிட்டமால், நான்கு முதல் ஆறு என்றால் மார்ஃபின் இவ்வளவு, ஏழும் அதற்கு மேலும் என்றால் அதனினும் இரு மடங்கு. படிப்பவருக்கு ஐயத்துக்கே இடமில்லை. எவர் படித்தாலும் ஒரே செயல். தணிக்கை செய்பவருக்கும் திருப்தி. தெளிவு என்பதை ஐயமின்மை என்று மட்டும் கொண்டால், இதைக் காட்டிலும் தெளிவான உத்தரவு இல்லை.

அதன் அபாயமும் அந்தத் தெளிவிலேயே இருந்தது. நேற்றுக் குடலில் அறுவை செய்துகொண்ட திடகாத்திரமான இளைஞர் ‘ஏழு’ என்கிறார். தூக்கத்தில் குறட்டையோடு மூச்சு தடைப்படும் வழக்கமுடைய, 38 கிலோ எடையுள்ள மூதாட்டி, கண்ணைத் திறக்காமலே ‘ஏழு’ என்கிறார். எண் ஒன்றே, மருந்தும் ஒன்றே. ஃப்ளாரிடாவின் ஒரு புற்றுநோய் மருத்துவமனையில், எண்வழி முறையைப் புகுத்துவதற்கு முன்னும் பின்னும் ஒப்பிட்டு 2005-இல் வெளியான ஆய்வில், நோயாளிகளின் திருப்தி உயர்ந்தது; அதனுடன், மிகுமயக்கம் விளைவித்த மருந்துக் கேடுகள் லட்சம் படுக்கை நாட்களுக்கு 11-இலிருந்து 24.5 ஆக உயர்ந்தன. ஒரே மருத்துவமனையின் கணக்கு என்பதால் இதிலிருந்து பெரிய சித்தாந்தம் எதையும் கட்டலாகாது. எனினும் அமெரிக்க வலி நிர்வாகச் செவிலியர் சங்கம் பின்னர், எண்ணை மட்டும் ஆதாரமாகக் கொண்டு மார்ஃபின் வகை மருந்தின் அளவை நிர்ணயிக்கலாகாது என்ற நிலைப்பாட்டை வெளியிட்டது. வயது, எடை, நுரையீரல், சிறுநீரகம், முன்பு கொடுத்த வேளையின் பலன், எல்லாவற்றுக்கும் மேலாக நோயாளியின் விழிப்புநிலை ஆகியவற்றைப் பார்த்தே கொடுக்கவேண்டும் என்பது அதன் சாரம். மூச்சு குறைவதற்கு முன்பே பெரும்பாலும் விழிப்பு மங்குகிறது. ஆதலால் வலியின் எண்ணோடு மயக்கத்தின் அளவையும் எழுதாத கேஸ் ஷீட் பாதிக் கேஸ் ஷீட்தான்.

இதற்கிடையே எல்லை தந்து எழுதும் முறைக்கும் நியாயம் கிடைத்தது. அமெரிக்க வலியியல் கழகமும் அச்செவிலியர் சங்கமும் 2004-இல் சேர்ந்து வெளியிட்ட அறிக்கை, எல்லையின் மேல்முனை கீழ்முனையைப் போல் பொதுவாக நான்கு மடங்குக்கு மேற்படலாகாது என்ற அளவுகோலோடு அதை ஆதரித்தது. என் அபிப்பிராயத்தில், செவிலியரின் விவேகத்தை உத்தரவிலிருந்து அகற்றிவிட முயன்ற முறைகளைக் காட்டிலும், அதை வெளிப்படையாக ஒப்புக்கொண்டு, அதற்கு வேலி இட்ட முறையே நேர்மையானது. பழைய உத்தரவின் குற்றம் அது விவேகத்துக்கு இடம் விட்டதன்று. அந்த இடம் எவ்வளவு என்று சொல்லாமல் விட்டதே.

எழுத்து, புள்ளி, சுருக்கம்

அடிப்படையான எழுத்துப் பிழைகளைப் பற்றி இன்று கருத்து வேறுபாடு சொற்பம். 1.0 என்று எழுதினால் புள்ளி மங்கிப் பத்தாகும்; .5 என்று எழுதினால் ஐந்தாகும். மார்ஃபின் ஸல்ஃபேட்டையும் மெக்னீசியம் ஸல்ஃபேட்டையும் ஒரே விதமாகப் படிக்கச்செய்யும் எம்.எஸ். போன்ற சுருக்கங்களை அமெரிக்க அங்கீகார அமைப்பு 2004-இல் விலக்கியது. ஒரு மில்லிலிட்டரில் பத்து மில்லிகிராம் உள்ள பாராசிட்டமால் திரவத்தைக் குழந்தைக்கு எழுதுகையில், மில்லிகிராமையும் மில்லிலிட்டரையும் மாற்றிக்கொண்டால் பிழை பத்து மடங்கு. மருந்தின் பொதுப்பெயரைப் படிக்கும்படியாகவும், கூடியவரை பெரிய எழுத்திலும் எழுதவேண்டும் என்று இந்திய மருத்துவக் கவுன்சில் 2016-இல் விதித்ததும் இவ்வகை அக்கறையே.

கணினி வந்தால் இவை தீரும் என்ற நம்பிக்கை பாதி நிறைவேறியது. பாஸ்டன் மருத்துவமனைகளில் பேட்ஸ் முதலியோர் 1995-இல் கண்டபடி, தவிர்த்திருக்கக்கூடிய மருந்துக் கேடுகளில் 56 சதவிகிதம் உத்தரவு எழுதும் கட்டத்திலேயே விளைந்தவை; கணினிவழி உத்தரவு கடுமையான பிழைகளை 55 சதவிகிதம் குறைத்தது என்று அவர்களே 1998-இல் காட்டினார்கள். ஆனால் 2005-இல் பென்சில்வேனியாவில் கோப்பெல் முதலியோர், கணினியே தூண்டிவிடும் 22 வகைப் பிழை வாய்ப்புகளைப் பட்டியலிட்டார்கள். வலிமருந்தில் இதன் விசேஷமான தோற்றம், ஒரே நோயாளிக்குத் ‘தேவைப்படும்போது’ என்று மூன்று மருந்துகள் ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்பது: எது முதலில், எது அது பலிக்காதபோது, எத்தனை நேரம் கழித்து என்ற வரிசை அங்கே இருப்பதில்லை. எழுத்து அச்சுப்போல் இருக்கிறது; பொருள் மட்டும் கிடையாது.

ஒப்புக்கொள்ளப்பட்ட வடிவத்தை ஓர் உதாரணத்தால் காட்டலாம். ‘மார்ஃபின் 2-10 மில்லிகிராம், வலிக்கு, எஸ்.ஓ.எஸ்.’ என்ற வரியில் வழி இல்லை, இடைவெளி இல்லை, ஐந்து மடங்கு எல்லை இருக்கிறது, நிறுத்தவேண்டிய இடம் இல்லை. இதையே, நாளத்தின் வழியே என்றும், இருமவோ திரும்பிப் படுக்கவோ முடியாதபடி வலி தடுத்தால் என்றும், குறைந்த அளவிலிருந்து தொடங்கி இத்தனை நிமிடம் கழித்துப் பார்த்து மீண்டும் கொடுக்கலாம் என்றும், இத்தனை மணி நேரத்துக்குள் மொத்தம் இவ்வளவுக்கு மேற்படாமல் என்றும், ஒவ்வொரு வேளைக்கு முன்னும் விழிப்பையும் மூச்சின் எண்ணிக்கையையும் பார்க்க என்றும், எழுப்ப எழாவிட்டாலோ மூச்சு குறித்த எண்ணுக்குக் குறைந்தாலோ நிறுத்தி, இன்னாரை அழைத்து, முறிமருந்தாகிய நலாக்ஸோனைத் தயாராக வைக்க என்றும் விரித்து எழுதினால், வரி நீள்கிறது. ஆனால் படிப்பவர் எங்கே சுதந்திரர், எங்கே இல்லை என்பது அவருக்குத் தெரிந்துவிடுகிறது.

இன்னும் தீராதவை

எண்ணுக்குப் பதிலாகச் செயலை அளவுகோலாக்குவது, அதாவது ஆழ்ந்து மூச்செடுக்க, இரும, நடக்க முடிகிறதா என்று கேட்பது, நியாயமாகத் தோன்றினாலும், அதனால் கேடுகள் குறைகின்றன என்று உறுதியாகச் சொல்லப் போதிய சான்று சேர்ந்துவிட்டதாகத் தோன்றவில்லை. குத்துகிறது, கடுக்கிறது, எரிகிறது, சுரீர் என்கிறது என்று வலியை வகைவகையாகச் சொல்லிப் பழகிய நம்மவரிடம் பத்துக்கு எத்தனை என்று கேட்கும்போது, எதை இழக்கிறோம் என்பதும் ஆராயத்தக்கது. ஒரே மருந்து உடம்புக்கு உடம்பு வேறாக மாறுவதும் உத்தரவின் எல்லைக்கு அப்பாற்பட்டது: டான்ஸில் அறுவைக்குப் பின் கோடீன் கொடுக்கப்பட்ட சில குழந்தைகளின் உடல் அதை மிக விரைவில் மார்ஃபினாக மாற்றி மரணம் நேர்ந்ததால், 2013-இல் அமெரிக்க அரசு அதற்குக் கடும் எச்சரிக்கை விதித்தது. அந்த உத்தரவுகளில் எழுத்துப் பிழை எதுவும் இருந்திருக்க வேண்டியதில்லை.

இந்தியாவின் நிலைமை வேறு கோணத்தது. 1985-ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டத்தின் உரிமக் கெடுபிடிகள் மார்ஃபினைப் பல மருத்துவமனைகளிலிருந்து விலக்கிவைத்தன. 2014-இன் திருத்தம் வழியை எளிதாக்கினாலும், பழக்கம் சட்டத்தைப்போல் சீக்கிரம் மாறுவதில்லை. மேல்நாட்டு நெறிகள் மிகுதியைத் தடுக்க எழுதப்பட்டவை. டிராமடாலுக்கு மேல் அலமாரியில் ஒன்றுமில்லாத வார்டில் அவற்றை அப்படியே எழுதிவைப்பதால் நோயாளிக்கு ஆவது என்ன என்பது, நம் மயக்கவியலாளர்களும் செவிலியர்களும் சேர்ந்து தீர்மானிக்க வேண்டியது.

மிகக் குறைவாக ஆராயப்பட்டிருப்பது, வீடு திரும்புகையில் எழுதப்படும் சீட்டு. அறுவைக்குமுன் மார்ஃபின் வகை மருந்துகளைத் தொட்டிராத அமெரிக்க நோயாளிகளில் ஏறத்தாழ ஆறு சதவிகிதத்தினர் மூன்று மாதங்களுக்குப் பின்னும் அவற்றைப் பெற்றுக்கொண்டிருந்ததாக 2017-இன் ஓர் ஆய்வு காட்டியது; அதன்பிறகு எத்தனை மாத்திரை என்ற கேள்வி அங்கே முதன்மை பெற்றது. எப்படி எழுதுவது என்ற கேள்வி அவ்வளவு பெறவில்லை. ‘வலித்தால் ஒன்று’ என்று எழுதிய அந்தச் சீட்டை வீட்டில் படிப்பவர் நோயாளியின் மகளாகவோ மனைவியாகவோ இருப்பார். அவரிடம் மயக்கத்தை அளக்கும் அட்டவணை இல்லை, அழைக்க ஓர் எண்ணும் பல சமயம் இல்லை. எத்தனை மணிக்குள் இரண்டாவதைக் கொடுக்கலாகாது, எதனுடன் சேர்க்கலாகாது, எந்த நாளோடு நிறுத்துவது, எப்படிக் கிடந்தால் ஓடிவர வேண்டும் என்பவற்றை, அவருக்குப் புரியும் தமிழில், ஒரு சீட்டின் அகலத்துக்குள் எவ்வாறு எழுதுவது என்பதற்குப் பொதுவாக ஒப்புக்கொள்ளப்பட்ட வடிவம் இன்னும் ஏற்படவில்லை.